மூன்று கண் பாலம்

இப்படி இந்தக் கைப்பிடிச் சுவர்மேல் உட்காருங்கள் தம்பி. டயர் மாற்ற நேரமாகும். அந்த டிரைவரை எனக்குத் தெரியும். நல்லவன்தான், ஆனால் அவன் வண்டி ஜாக்கி அவன் பேச்சைக் கேட்காது. ஈரமாக இருக்கிறதா? இருங்கள், துண்டால் துடைத்துவிடுகிறேன். இப்போது உட்காரலாம்.

கண்டக்டர் சொன்னதைக் கேட்டீர்களா? "என்ன தோழரே, இன்னிக்கு ஒங்களுக்கு ஆளு கெடைச்சுட்டாரு போல" என்றான். சிரிக்கட்டும். அவனுடைய அப்பன் என்னோடு மறியலில் உட்கார்ந்தவன். போலீஸ் வேனில் ஏற்றியபோது வாய்விட்டு அழுதான். அதை நான் இவனிடம் இதுவரை சொன்னதில்லை. இனியும் சொல்லமாட்டேன். அப்படிப்பட்ட ஆள் இல்லை நான்.

என் பெயர் உத்திராபதி. தோழர் உத்திராபதி என்றால் ஒரு காலத்தில் இந்த ரோட்டில் பஸ் நிற்கும். டயர் வெடித்து அல்ல, நான் நிறுத்தி. என் பேச்சு அச்சடித்த மாதிரி இருக்கிறதே என்று பார்க்காதீர்கள். பள்ளிக்கூடம் அதிகம் போகவில்லை. சங்கத்துத் துண்டறிக்கைகளை எழுத்துக்கூட்டித்தான் படிக்கக் கற்றுக்கொண்டேன். நான் முதலில் தடுமாறாமல் வாசித்த சொல் 'கண்டிக்கிறோம்'. ரசத்தில் உப்பில்லை என்றால்கூட நான் கண்டனக் கூட்டம் போடுவதாக என் மனைவி சொல்வாள். அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அது இருக்கட்டும்.

அந்த மண்வெட்டியா? அது பாம்புக்கு. மழைக்காலம் பாருங்கள், ரோட்டுக்கு ஏறி வந்துவிடுகின்றன.

நீங்கள் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று தெரியுமா? பாலம் மாதிரியே தெரியவில்லை, இல்லையா? ரோடு நேராகப் போகிறது, இரண்டு பக்கமும் முட்டி உயரத்துக்குச் சுவர், அவ்வளவுதான். கொஞ்சம் எட்டிக் குனிந்து பாருங்கள். விழுந்துவிடாதீர்கள். கீழே வடிகால் போகிறது. அதற்காக ரோட்டுக்கு அடியில் மூன்று கண் வைத்திருக்கிறார்கள். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு ஆள் தலை குனியாமல் நடந்து போகலாம். போகலாம் என்றால், கட்டிய புதிதில் போகலாம். இப்போது இந்தப் பக்கத்துக் கண்ணில் கோரை முளைத்திருக்கிறது. அந்தப் பக்கத்துக் கண்ணில் காட்டாமணக்குப் பூத்திருக்கிறது. பாலத்துக்கு அடியில் பூ பூத்து நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? கூரைக்கு இரண்டு முழம் விட்டு வண்டல். வேனிற்காலத்தில் ஆடுகள் உள்ளே போய்ப் படுத்துக்கொள்கின்றன.

இந்த மூன்று கண்ணும் நான் வாங்கியது. அரசாங்கம் கொடுத்தது என்று அங்கே கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கல்லில் யார் யார் பெயரோ இருக்கிறது. வாங்கியவன் நான்.

முதலில் இங்கே ஒற்றைக் கண்தான் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்துச் செங்கல் வளைவு. குறுகலானது. என் அப்பா அதற்குள் தவழ்ந்து போவார். ஆனி பிறந்தால் பண்ணையிலிருந்து ஆள் வருவான். வடிகாலில் தூர் எடுக்க வேண்டும், வீட்டுக்கு ஒரு ஆள் வர வேண்டும். கூலி கிடையாது. அது வெட்டி வேலை, எங்கள் தெருவின் தலையெழுத்து. பாலத்துக்கு அடியில் போவதற்கு என்று ஒல்லியான ஆளாகப் பார்த்து அனுப்புவார்கள். எங்கள் தெருவில் யார்தான் குண்டாக இருந்தார்கள்? ஆனாலும் என் அப்பாவைத்தான் அனுப்புவார்கள். மறுபக்கம் அவர் வெளியே வரும்போது கண்ணும் பல்லும்தான் தெரியும். மேலே, நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு நேராக, பண்ணைக் காரியக்காரர் குடை பிடித்துக்கொண்டு நிற்பார். "இன்னும் உள்ள கெடக்குதுடா" என்பார். அப்பா திரும்ப உள்ளே போவார்.

பிறகு பண்ணை போயிற்று. நிலம் கைமாறியது. குடை பிடித்தவரும் இல்லை. ஆனால் பாருங்கள் தம்பி, ஆனி வந்தால் எங்கள் தெரு ஆட்கள் தாங்களாகவே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வடிகாலில் இறங்கினார்கள். யாரும் கூப்பிடவில்லை. அடித்து ஓட்டவில்லை. கேட்டால், எடுக்காவிட்டால் நம் தெருவுக்குத்தானே தண்ணீர் வரும் என்றார்கள். அதுதான் என்னை எரித்தது. அடிமை சங்கிலியைக் கழற்றிய பிறகும் அந்த நடையிலேயே நடப்பான் என்று ஒரு துண்டறிக்கையில் எழுதினேன். நல்ல வரி. இன்னும் எனக்குப் பிடிக்கும்.

அதனால் ஒரு மே தினத்தன்று தெருவை இங்கே கூட்டினேன். எல்லோரையும் வடிகாலில் இறங்கச் சொல்லி ஆளுக்கு ஒரு கை சேற்றை அள்ளச் சொன்னேன். அதை மேலே ரோட்டில் எறியச் சொன்னேன். இதுதான் கடைசிக் கை. எங்கள் தெருக்காரன் கை இனி இந்தப் பாலத்து மண்ணைத் தொடாது. அரசாங்கத்தின் பாலம், அரசாங்கம் வாரட்டும். அப்படி உறுதி எடுத்தோம். என் மகள் தமயந்தி அப்போது சின்னப் பெண். அவளும் ஒரு கை எறிந்தாள். அது காரியக்காரர் பேரன் ஸ்கூட்டரில் போய் விழுந்தது. அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, தம்பி, அது மாதிரி ஒரு சிரிப்பு அதற்குப் பிறகு இந்த இடத்தில் கேட்கவில்லை.

நாங்கள் தொடவில்லை. ஆனாலும் பாலத்துக் கண் அடைபடவில்லை. கோடையில் கொஞ்சம் சேறு நிற்கும். மழை வந்தால் அந்தக் குறுகிய வளைவுக்குள் தண்ணீர் முட்டிக்கொண்டு, இரைந்துகொண்டு பாயும். மறுநாள் போய்ப் பார்த்தால் செங்கல் தரை கழுவிவிட்ட மாதிரி இருக்கும். அந்த இரைச்சல் தெருக் கோடி வரைக்கும் கேட்கும். கூட்டத்தில் சொன்னேன், பார்த்தீர்களா, நாம் கையைக் கட்டியதும் அவர்கள் வாருகிறார்கள் என்று. யார் வாரினார்கள் என்று எனக்கும் தெரியாது. யாரோ வாரியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் எப்படிச் சுத்தமாக இருக்கும்?

பிறகு அந்தப் பெருமழை வந்தது. அப்படி ஒரு மழையை யாரும் பார்த்ததில்லை. ஒற்றைக் கண் தாங்கவில்லை. தண்ணீர் பாலத்தை முட்டித் திரும்பித் தெருவுக்குள் வந்தது. எங்கள் தெரு எது என்கிறீர்களா? அதோ, அந்தப் புளியமரத்துக்கு இந்தப் பக்கம், வடிகால் ஓரமாக. சுவர்கள் தெரிகின்றனவே, அதுதான். கூரைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

மறியல் செய்தோம். புதிய பாலம் வேண்டும் என்று கோரிக்கை எழுத உட்கார்ந்தபோது சங்கத்தில் ஒருவர் இரண்டு கண் கேட்கலாம் என்றார். நான் சிரித்தேன். இத்தனை வருடம் பேச்சுவார்த்தை மேசையில் உட்கார்ந்தவன் நான். கூலி உயர்வு எவ்வளவு வேண்டுமோ அதைப்போல இரண்டு மடங்கு கேட்போம், அவர்கள் பாதியாக்குவார்கள், நாங்கள் முறைத்துக்கொண்டே ஒத்துக்கொள்வோம். அதுதான் முறை. இரண்டு கேட்டால் ஒன்றுதான் தருவார்கள், அதனால் மூன்று கேள் என்றேன். மூன்று கேட்டால் இழுத்துப் பறித்து ஒன்றரை, அதாவது அகலமாக ஒரு கண் வரும் என்பது என் கணக்கு. சிறைக்குப் போனோம். தடியடி பட்டோம். இதோ, இந்த முழங்கை நேராக நீளாது, பாருங்கள்.

கடைசியில் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார்கள். எதிரே உட்கார்ந்த அதிகாரி கோரிக்கையைப் படித்தான். தேர்தல் வருகிற சமயம். மூன்று கண்ணா, சரி என்று கையெழுத்துப் போட்டான். பேரமே பேசவில்லை. எனக்குக் கீழே படி இல்லை என்று தெரியாமல் காலை வைத்த மாதிரி இருந்தது. வெளியே வந்து வெற்றி என்று சொன்னேன். தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். மூன்று கண், முழு வெற்றி. இந்த வட்டாரத்தில் கேட்டதைக் கேட்டபடி வாங்கிய சங்கம் வேறு எது, சொல்லுங்கள்.

திறப்பு விழாவில் எனக்கு மேடையில் நாற்காலி போடவில்லை. அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

முதல் வருடம் நன்றாகத்தான் இருந்தது. வாசல் வாசலாக மூன்று வாய். தண்ணீர் சத்தமே இல்லாமல் போயிற்று. எவ்வளவு சாதுவாகப் போகிறது பாருங்கள் என்று எல்லோருக்கும் காட்டினேன். அடுத்த வருடம் பக்கத்துக் கண் இரண்டிலும் கணுக்கால் அளவு வண்டல். அதற்கடுத்து முழங்கால். நான் ரோட்டு ஆபீசுக்கு மனுக் கொடுத்தேன். வடிகால் எங்களுடையது இல்லை, ஆற்று ஆபீசுக்குப் போ என்றார்கள். ஆற்று ஆபீசில் ரோட்டுக்கு அடியில் இருப்பது ரோட்டுக்காரன் சொத்து என்றார்கள். இரண்டு ஆபீசுக்கும் நடுவில் ஒரு டீக்கடை இருக்கிறது. அந்த டீக்கடைக்காரன் என்னால்தான் மாடி கட்டினான்.

அப்போதுதான் இசக்கியம்மாள் என்று ஒரு இன்ஜினியர் பெண் வந்தாள். திருநெல்வேலிப் பக்கம். சின்ன வயது. பேன்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு வடிகாலில் இறங்கி, ஒரு தெர்மாகோல் துண்டைத் தண்ணீரில் விட்டுவிட்டு அதன்கூடவே நடந்தாள். எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. பிறகு மேலே வந்து என்னிடம் பேசினாள். மரியாதையாகத்தான் பேசினாள், அதைச் சொல்ல வேண்டும்.

"ஐயா, பழைய பாலத்துல தண்ணி ஓடுச்சு. இப்ப மூணாப் பிரிஞ்சதும் நடக்குது. நடக்குத தண்ணி கையில உள்ள சுமைய அங்கனயே எறக்கி வச்சிரும்."

அவள் யோசனை என்ன தெரியுமா? பக்கத்துக் கண் இரண்டின் வாயிலும் முழங்கால் உயரத்துக்கு ஒரு தடுப்புச் சுவர் கட்டுவாளாம். சாதாரண நாளில் தண்ணீர் எல்லாம் நடுக்கண் வழியாக மட்டும் இறுக்கமாகப் போகுமாம், போகிற வேகத்தில் மண்ணையும் இழுத்துக்கொண்டு போகுமாம். பெருவெள்ளம் வந்தால் சுவருக்கு மேலே ஏறி மூன்றிலும் போகுமாம்.

நான் என்ன கேட்டேன் என்றால், எத்தனை கண் திறந்திருக்கும் என்று கேட்டேன். சாதாரணமா ஒண்ணுதான் ஐயா என்றாள். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. கூட்டம் கூடினால் எனக்குத் தொண்டை தானாகத் திறந்துவிடும். "தண்ணியோட சுமை ஒனக்குத் தெரியுது தாயி. மூணு கண்ணுக்கு நாங்க சுமந்த சுமை ஒனக்குத் தெரியல" என்றேன். கைதட்டினார்கள். அந்தப் பெண் கைதட்டல் அடங்குகிற வரைக்கும் நின்றாள். பிறகு செருப்பைக் கழுவிப் போட்டுக்கொண்டு போனாள்.

சுவரை ஆள் வைத்துக் கட்டிவிட்டாள். சிமெண்ட் காயவில்லை. நாங்கள் கொடியோடு போனோம், கடப்பாரையோடு போனோம். மூன்று வாங்கினோம், இரண்டைப் பிடுங்கப் பார்க்கிறார்கள், விடமாட்டோம் என்று கோஷம் போட்டுக்கொண்டே இடித்தோம். முதல் அடி என்னுடையது. அவளை வேறு எங்கோ மாற்றிவிட்டார்கள். அதுவும் ஒரு வெற்றிதான். போகும்போது என் வீட்டுக்கு வந்தாள். சண்டை போட வந்திருக்கிறாள் என்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். "ஐயா, சுவரு இல்லாட்டியும் பரவால்ல, வருசா வருசம் நடுக்கண்ணையாவது தோண்டி வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அரசாங்க வேலையை எங்கள் தலையில் கட்டப் பார்த்தாள். எவ்வளவு நாசூக்காகக் கட்டினாள் பாருங்கள்.

வண்டி சாய்ந்திருக்கிறதே, ஜாக்கி ஏறிவிட்டதா? இல்லை, இறங்கிவிட்டதாம். உட்காருங்கள்.

போன வருடம் ஐப்பசியில் நடந்ததைச் சொல்கிறேன். மழை தொடங்குகிற நேரம். ரேடியோவில் புயல் சின்னம் என்றார்கள். நான் காலையில் இந்தப் பக்கம் வந்தால், தமயந்தி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இரும்புச்சட்டியோடு வடிகாலில் நிற்கிறாள். அவளுக்கு எங்கள் தெருவிலேயேதான் மணம் முடித்துக் கொடுத்தேன். தெருவின் தாழ்ந்த பக்கத்தில் கடைசி வீடு. பின்னால் தெருப் பெண்கள் எல்லோரும் மண்வெட்டியும் கூடையுமாக. ஆண்கள் யாரும் இல்லை. உறுதி எடுத்தவர்கள் அல்லவா, பெண்களை அனுப்பிவிட்டு வீட்டில் இருந்திருக்கிறார்கள்.

"தள்ளுங்கப்பா. மழை எறங்கப்போவுது" என்றாள்.

"நீ எதைத் தொடப்போறேன்னு தெரியுதா?"

"சேத்த."

"சேறு இல்ல அது. ஒங்க தாத்தாவோட முதுகு."

நான் இதை மேடையில் பல தடவை சொல்லியிருக்கிறேன். சொன்னால் பெண்கள் கண்ணைத் துடைப்பார்கள். அவள் துடைக்கவில்லை.

"தாத்தா முதுக நான் பாத்ததில்லப்பா. எங்க வீட்டுச் சுவத்தத்தான் தெனம் பாக்குறேன். இடுப்பளவுக்கு ஈரம் ஏறியிருக்கு. நீங்க வந்து கையை வச்சுப் பாத்தீங்களா?"

அரசாங்கத்துக்கு விட்டுக்கொடுக்காதே, இன்றைக்கு நீ ஒரு கூடை வாரினால் இனி ஏழு தலைமுறைக்கு நம்மைத்தான் வாரச் சொல்வான் என்று விளக்கினேன். நிதானமாகத்தான் விளக்கினேன். அவள் கேட்கவில்லை. கேட்காவிட்டால் என்ன செய்வது? எனக்குத் தெரிந்த ஒரே வழியைச் செய்தேன். நடுக்கண்ணின் வாயில் வண்டல்மேல் போய் உட்கார்ந்துகொண்டேன். லாரிக்கு முன்னால் உட்கார்ந்தவன், போலீஸ் ஜீப்புக்கு முன்னால் உட்கார்ந்தவன். வெட்டுவதானால் என்மேல் வெட்டிக்கொண்டு போங்கள் என்றேன்.

கூட்டத்தில் பவுனாம்பாள் என்று ஒரு கிழவி, வாய்த்துடுக்கு. "தோழரையும் சேத்து வாரிட்டா பாதி அடைப்பு போயிடும்டி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். தமயந்தி மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சட்டியைக் கவிழ்த்துத் தலைமேல் வைத்துக்கொண்டாள், தூறல் விழ ஆரம்பித்திருந்தது. திரும்பிப் போனாள். மற்றவர்களும் போனார்கள். என் சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது தம்பி, அன்றைக்குக்கூட.

நான் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்து தோண்டிவிடுவார்களோ என்று. யாரும் வரவில்லை. வேட்டி முழுக்க ஈரம்.

பிறகு என்ன, மழைதான். தண்ணீர் வந்தது. பாலத்தைப் பார்த்தது. நுழைய வழியில்லை. திரும்பித் தெருவுக்குள் போயிற்று. பழைய பெருமழையில் நின்றதைவிட அதிகம் நின்றது. அது பெருமழைகூட இல்லை என்று பேப்பரில் போட்டிருந்தான். பேப்பர்க்காரனுக்கு என்ன தெரியும்? நாங்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் இருந்தோம். உயிர்ச்சேதம் இல்லை. பவுனாம்பாளைப் பெஞ்சியோடு தூக்கிக்கொண்டு வந்தோம். அவள் பள்ளிக்கூடத்திலேயே வாயை மூடிக்கொண்டாள். பேசுவதை நிறுத்திவிட்டாள் என்று சொல்கிறேன், சாகவில்லை. தையில்தான் செத்தாள்.

தமயந்தி வீட்டின் மேற்குச் சுவர் அப்படியே கரைந்து உட்கார்ந்துவிட்டது. வரிசையாக மற்றவையும். அரசாங்கம் பைபாஸ் ஓரம் மேட்டு நிலத்தில் பட்டா கொடுத்தது. இதை மட்டும் உடனே கொடுத்தான் பாருங்கள். கேட்காமலே கொடுக்கிறான் என்றால் அதில் சூழ்ச்சி இருக்கிறது, போகாதீர்கள், தெருவை விட்டுப் போனால் போராட்டத்தை விட்டுப் போவதாகும் என்றேன். தகரத்தையும் கீற்றையும் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டே என் பேச்சைக் கேட்டார்கள். ஒருவர்கூட எதிர்த்துப் பேசவில்லை. எதிர்த்துப் பேசியிருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும்.

தமயந்தி கடைசியாகப் போனாள். விழாமல் நின்ற வாசல் நிலையிலிருந்து கதவைக் கழற்றி, அவளும் மருமகனும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் இந்தச் சுவர்மேல்தான், நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில், உட்கார்ந்திருந்தேன். கதவை இறக்கி ரோட்டில் வைத்தாள். மூச்சு வாங்கினாள்.

"அப்பா, நீங்க ஜெயிச்சுட்டீங்க" என்றாள்.

திரும்பவும் கதவைத் தூக்கிக்கொண்டு போனாள்.

என் பெண் அப்படிச் சொன்னாள் தம்பி. வீடு போன வேளையிலும் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது. வேறு யார் சொல்லாவிட்டாலும் அவளுக்குத் தெரியும். வளர்த்தவன் நானல்லவா. அதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அவள் குரல் எப்படி இருந்தது என்று மட்டும் நினைவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன், வருவதில்லை. கடைத்தெருவில் போன மாதம் அவளைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விட்டாள். எதிர்ப்பக்கம் நிழல் இருந்தது. வெயில் கடுமையான நாள்.

நான் போகவில்லை. எனக்கும் பட்டா வந்தது, வாங்கவில்லை. விளக்குக் கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள், நான் மண்ணெண்ணெய் விளக்கு வைத்திருக்கிறேன். தெருவில் ஒரு ஆள் இருக்கிற வரைக்கும் அது தெருதான்.

அதோ பாருங்கள், மேற்கே எவ்வளவு கறுப்பாக இருக்கிறது. ராத்திரிக்குள் இறங்கிவிடும்.

எந்தக் கண்? நடுக்கண்ணா? ஆமாம், அது கொஞ்சம் திறந்திருக்கிறது. கவனித்துவிட்டீர்களே. தெரியவில்லை, யாரோ தோண்டியிருக்கிறார்கள். விறால் மீனுக்கு அலைகிற பயல்கள் இருக்கிறார்கள், அவர்கள் வேலையாக இருக்கும். எங்கள் தெருக்காரன் தொடமாட்டான். தெருக்காரன் என்றால் நான் ஒருவன்தான் பாக்கி. மண்ணைத் தோண்டியவர்கள் தூரக் கொண்டுபோய்க் கொட்டாமல், பக்கத்துக் கண் இரண்டின் வாயிலும் குவித்துத் தட்டிவிட்டிருக்கிறார்கள், பாருங்கள், முழங்கால் உயரத்துக்கு, சுவர் மாதிரி. சட்டியைத் தூக்கிக்கொண்டு கரை ஏற முடியாத ஆளாக இருக்கும். வயதானவனாகக்கூட இருக்கலாம்.

சற்று நில்லுங்கள். பேசாதீர்கள். கேட்கிறதா? நடுக்கண்ணில் தண்ணீர் சத்தம் போடுகிறது. லேசாகத்தான். பழைய வளைவின் இரைச்சலில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அது ஓடுகிற சத்தம்தான், அதை நான் மறக்க முடியுமா? அடியில் தெரிகிற வெள்ளை, தளத்துச் சிமெண்ட். நேற்று வரைக்கும் அது தெரியவில்லை.

அதனால் என்ன? ஒரு கண்ணால் என்ன ஆகும்? யாருக்கு ஆகும்? அங்கே இருப்பது கூரை இல்லாத சுவர்கள்தான். அதற்குள் தண்ணீர் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன. எனக்கும் தெரியும்.

இந்தாருங்கள், இதை வைத்துக்கொள்ளுங்கள். புதிய அறிக்கை. அச்சடிக்க ஆளில்லை, கையால் எழுதியது, எழுத்து புரியும். தலைப்பைப் பாருங்கள். 'ஐந்து கண் பாலம் வேண்டும்.' ஐந்து கேட்டால்தான் அவர்கள் குறைத்து, பேசி, ஏதாவது ஒன்று ஒழுங்காக வரும். போன தடவை குறைக்காமல் ஒத்துக்கொண்டதில்தான் எல்லாம் கெட்டுப்போயிற்று. கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். உங்கள் ஊர்க்காரர்கள் போட்டாலும் சரிதான். இங்கே போட ஆள் இல்லை.

விசில் ஊதிவிட்டான். மாட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. போங்கள், இடம் போய்விடும். என் கையிலா? இது சுவரைத் துடைத்த சேறு. இப்போதுதானே உங்களுக்காகத் துடைத்தேன், பார்த்தீர்களே. நகத்துக்குள் இருப்பதா, அதுவும் அதுதான்.

ஜன்னல் ஓரம் கிடைத்தால் அந்தப் பக்கத்து ஜன்னலாகப் பாருங்கள். இந்தப் பக்கம் பார்க்க ஒன்றும் இல்லை. வண்டி அந்த வளைவு திரும்பும் வரைக்கும் நான் இங்கேயே நின்று கை காட்டுவேன். அதற்குமேல் திரும்பிப் பார்க்காதீர்கள், தம்பி. மழை வருவதற்குள் எனக்கு வேலை இருக்கிறது.

போகிற போக்கில் அந்த மண்வெட்டியை மட்டும் இப்படி எடுத்துக் கொடுத்துவிட்டுப் போங்கள். இடுப்பு குனிய மாட்டேன் என்கிறது. பாம்புக்குத்தான்.